சாவி இப்போது என்னிடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதப் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். கனடாத் தமிழருக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும், ஆனால் நல்ல இடத்தில் நிலமும் பல மில்லியன் டொலரும் திரட்டும்வரை அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பது அவர் கருத்து. அவருடைய ஆசையோடு எனக்குச் சண்டை இல்லை. 'திரட்டும்வரை' என்ற சொல்லோடுதான் சண்டை.

ரொறன்ரோவை விட்டு நாங்கள் சஸ்கச்சுவான் மாகாணத்துக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. மாகாணத் தலைநகர் ரெஜைனாவிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் எங்கள் ஊர் வரும். ஊர் என்றால் முந்நூறு பேர்கூட இல்லை. ஒரு தபாற்கந்தோர், ஒரு ஐஸ் ஹொக்கி அரங்கு, ஒரு பெற்றோல் நிலையம், நான் வேலை செய்யும் முதியோர் இல்லம். அப்புறம், முதல் குடியேறிகளின் பெயரில் ஒரு பயனியர் அருங்காட்சியகம். அங்கே சம்பளம் வாங்கும் ஆள் ஒருவரும் கிடையாது. தொண்டர்கள் ஏழு பேர். அவர்களில் ஆறு பேர் எழுபதைத் தாண்டியவர்கள். ஏழாவது ஆள் நான்.

நான் விரும்பிப் போய்ச் சேர்ந்தவள் அல்ல. வந்த இரண்டாவது கோடையில், இல்லத்தில் இருந்த முதியவர்கள் நாலு பேரை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு பின்னேரம் அங்கே போகவேண்டி வந்தது. உள்ளே நுழைந்ததும் பழைய இரும்புக்கடைக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் கைமெஷின் மட்டும் ஒன்பது. ஒன்பதுக்கும் ஒரே மாதிரி விளக்க அட்டை. கால்மிதித் தையல் மெஷின் ஐந்து. சுவர் நிறையப் படங்கள். என்ன மெனக்கேடு இது என்று மனதுக்குள் நினைத்ததை ஒத்துக்கொள்கிறேன்.

அந்த நாலு பேரில் சக்கர நாற்காலியில் இருந்த ஓர் அம்மாவுக்கு அப்போது 93 வயது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பத்து மணிக்கே மறந்துபோயிருக்கும். அவர் ஒரு படத்துக்கு முன்னால் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். பள்ளிக்கூடப் படம். வெறுங்காலோடு, மாச் சாக்குத் துணியில் தைத்த சட்டையோடு இருபத்து மூன்று பிள்ளைகள். கீழே 'பள்ளி மாணவர்கள், 1930கள்' என்று மட்டும் எழுதியிருந்தது. அம்மா இடது பக்கத்திலிருந்து பெயர் சொல்லத் தொடங்கினார். யார் எந்தப் பண்ணை, யார் குதிரையில் வந்தது, யார் டிப்தீரியா நோயில் போனது, கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவன் பிறகு யாரைக் கட்டினான் என்பதுவரை. என் பையில் இருந்த பிங்கோத் தாளின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டே போனேன். பத்தொன்பது பெயர் கிடைத்தது. அடுத்த மாசியில் அவர் போய்விட்டார். மற்ற நாலு பிள்ளைகளையும் அடையாளம் காட்ட இன்றுவரை ஒருவரும் இல்லை.

அந்தப் பிங்கோத் தாளுக்கு இப்போது அருங்காட்சியகத்தில் ஓர் இலக்கம் உண்டு. நான் உள்ளே இழுக்கப்பட்டது அப்படித்தான். இந்த வருடம் முன் கதவுச் சாவியையும் என்னிடம் தந்துவிட்டார்கள், என் வீடுதான் கிட்ட என்று.

இப்படி ஒரு சின்ன ஊரில் இது எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பழைய கூட்டக் குறிப்பேடுகளைக் குளிர்கால இரவுகளில் உட்கார்ந்து படித்தேன். கட்டடம் முதலில் ஊருக்கு வெளியே வயல் நடுவில் இருந்த ஓரறைப் பள்ளிக்கூடம். 1944இல் மாகாண அரசு சின்னச் சின்னப் பள்ளி மாவட்டங்களைச் சேர்த்துப் பெரிதாக்கும் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் ஓரறைப் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, பிள்ளைகள் பஸ்ஸில் பெரிய ஊருக்குப் போனார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரோ கோதுமையைக் கொட்டிவைத்தார். இங்கே பல பள்ளிக்கூடங்களின் கதி அதுதான். 1967, கனடாவின் நூற்றாண்டு. ஊருக்கு ஊர் எதையாவது செய்யவேண்டும் என்று ஒரு வேகம் வந்த காலம். ஊர்ப் பெண்கள் சிலர் கூடி, கோதுமையை வெளியே எடுத்துவிட்டுக் கட்டடத்தைத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நிலம் இறுகி உறைந்த தை மாதத்தில், மரச் சறுக்குகளில் ஏற்றி, உழவு இயந்திரங்கள் பூட்டி, முழுப் பள்ளிக்கூடத்தையும் ஊருக்குள் இழுத்து வந்தார்கள். கரும்பலகை உடையவில்லை என்று குறிப்பேட்டில் தனியாக ஒரு வரி இருக்கிறது.

சரி, பொருள்கள் எங்கிருந்து வந்தன? அதற்கு மின்சாரம்தான் காரணம் என்று நான் சொல்வேன். கிராமப்புற மின்மயச் சட்டம் 1949இல் வந்தது. அடுத்த பத்து வருடத்துக்குள் பண்ணைகளுக்குக் கம்பி போய்விட்டது. மண்ணெண்ணெய் விளக்கு, கையால் சுற்றும் துணி தோய்க்கும் மெஷின், அடுப்பில் காயவைக்கும் இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஒரே நாளில் வேலையற்றுப் போயின. எறிய மனமில்லாமல் குதிரைக் கொட்டிலில் போட்டார்கள். அருங்காட்சியகம் திறந்ததும் கொட்டில் காலியானது. ஒன்பது மெஷின் சேர்ந்த விதம் அதுதான். ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருந்தது, வேண்டாம் என்று சொல்லப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வாய் வராது. இன்றைக்கும் வராது. யாராவது பத்தாவதைக் கொண்டுவந்தால் முகத்தைப் பார்த்து மறுக்கும் வேலை இப்போது எனக்கு. வெளியூர்க்காரி என்றபடியால் கோபிக்கமாட்டார்களாம்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. மேற்கு வளர்ச்சி அருங்காட்சியகம் என்று 1949இலேயே தொடங்கி, இன்று மூஸ் ஜோ, நோர்த் பற்றில்ஃபோர்ட், சஸ்கற்றூன், யோர்க்டன் என நாலு நகரத்தில் பெரிய கட்டடங்களில் நடத்துகிறது. போய்ப் பார்த்திருக்கிறேன், அழகு. ஆனால் அங்கே இருக்கும் கலப்பை கலப்பைதான். எங்களிடம் இருப்பது இன்ன பண்ணையில், இன்ன வருடம், இன்ன குதிரை படுத்துக்கொண்டு எழும்ப மறுத்தபோது பூட்டியிருந்த கலப்பை.

பயனியர் என்ற சொல்லைத் தமிழில் 'முன்னோடி' என்று எழுதலாம். ஆனால் எழுதக் கை தயங்குகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

1872இல் வந்த டொமினியன் நிலச் சட்டத்தின்படி பத்து டொலர் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர் தருவார்கள். மூன்று வருடத்துக்குள் வீடு கட்டி, குடியிருந்து, நிலத்தைக் கிழித்துப் பயிர் செய்தால் காணி உறுதி உங்கள் பெயரில். ஐரோப்பாவிலிருந்து உக்ரேனியர், ஜெர்மானியர், நோர்வேக்காரர் எல்லாம் இந்தப் பத்து டொலரை நம்பித்தான் வந்தார்கள். வெட்ட மரம் இல்லாத இடத்தில், புல்லோடு சேர்த்து மண்ணைக் கீலம் கீலமாக வெட்டி, செங்கல் மாதிரி அடுக்கி வீடு கட்டினார்கள். கிண்டர்ஸ்லிக்குப் பக்கத்தில் ஜேம்ஸ் அடிசன் என்பவர் 1909க்கும் 1911க்கும் இடையில் கட்டிய மண்வீடு இன்றைக்கும் நிற்கிறது. பெரும்பாலான மண்வீடுகளுக்கு அந்த ஆயுள் இல்லை. வெளியே இரண்டு நாள் மழை பெய்தால் உள்ளே மூன்று நாள் பெய்யும் என்பது இங்கே பழைய பகிடி.

அந்தச் சட்டத்தில் ஒரு விஷயம் எங்கள் சுவரில் எங்கேயும் இல்லை. தனிப் பெண்ணுக்கு அந்த 160 ஏக்கர் கிடையாது. பிள்ளைகளைத் தாங்கும் விதவை போல, குடும்பத்துக்குத் தலைவியாக இருந்தால் மட்டும் உண்டு. இந்த ஏற்பாடு 1930இல் நிலம் மாகாணத்தின் கைக்குப் போகும்வரை நீடித்தது. அப்படியிருக்க, பெண்கள் தைத்த போர்வைக்கும், பெண்கள் கடைந்த வெண்ணெய்க்கும் கீழே 'திருமதி' போட்டுக் கணவனின் முழுப் பெயர். அவளுக்கென்று ஒரு பெயரே இல்லாதது போல. 1967இல் அந்த அட்டைகளை எழுதியவர்களும் பெண்கள்தான்! ஒரு குளிர்காலம் முழுவதும் கல்லறைக் கற்களையும், தேவாலயப் பதிவுகளையும், 1955இலும் 1980இலும் மாகாணத்தின் ஐம்பதாவது, எழுபத்தைந்தாவது ஆண்டுகளை ஒட்டிச் சுற்றுவட்டார ஊர்கள் வெளியிட்ட வரலாற்றுப் புத்தகங்களையும் தேடி முப்பத்தொரு பெண்களின் சொந்தப் பெயரைக் கண்டுபிடித்து அட்டை மாற்றினேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

இரண்டாவது விஷயத்தில்தான் சண்டை வந்தது. வாசலில் முதல் பலகையில், குடியேறிகள் வந்தபோது இது யாருமில்லாத வெறும் நிலம் என்று எழுதியிருந்தது. உள்ளே மேசை லாச்சியில் ஒரு சுருட்டுப் பெட்டி. அதற்குள் உழும்போது கலப்பையில் அகப்பட்ட கல் அம்புமுனைகள், எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தாறு. விளக்க அட்டை கிடையாது, கொடுத்தவர் பெயர் கிடையாது. வெறும் நிலத்தில் அம்பு எங்கிருந்து முளைத்தது? தெற்கு சஸ்கச்சுவானின் பெரும்பகுதி 1874 புரட்டாதியில் கிரீ, சோல்ட்டோ மக்களோடு கப்பெல் பள்ளத்தாக்கில் கையெழுத்தான நான்காம் உடன்படிக்கைக்குள் வரும் நிலம். வருடத்துக்கு ஆளுக்கு ஐந்து டொலர் என்று அன்று எழுதிய தொகை இன்றும் அதே ஐந்து டொலர். காட்டெருமைகள் கொன்று முடிக்கப்பட்டு, குடியேறிகள் முதலில் விற்ற விளைச்சலே அந்த எலும்புகள்தான். பொறுக்கி ரயிலில் ஏற்றினார்கள், பசளைக்கு. ரெஜைனாவின் பழைய பெயரே எலும்புக் குவியல்.

பலகையை மாற்றவேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். ஒருவர் எழுந்து, என் பாட்டன் களவெடுத்தான் என்று எழுதப்போகிறாயா என்று கேட்டார். நல்ல மனிதர். எங்கள் பாதையில் பனியைத் தள்ளித் தருபவர். எனக்கு அழுகை வந்தது, ஏனென்றால் அவர் கேள்வியும் நியாயமாகத்தான் பட்டது. அவர் பாட்டனும் ஏதோ ஒரு ஊரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர். உங்கள் பாட்டனைப் பற்றி ஒரு சொல்லும் மாற்றமாட்டேன், அவருக்கு முன்னால் இருந்தவர்களைப் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன் என்றேன். எட்டு மாதம் இழுத்தது. கடைசியில் புதிய பலகையைத் தன் பட்டறையில் வெட்டித் தந்தது அவர்தான். அம்புமுனைகளை என்ன செய்வது என்று கிட்டவுள்ள கிரீ சமூகத்துப் பெரியவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம். அது அவர்கள் சொல்லும் வேகத்தில் நடக்கும்.

முப்பதுகளின் வறட்சிக் காலம் பற்றிய மூலைதான் எனக்குப் பிடித்தது. பெற்றோலுக்குக் காசில்லாமல், காரின் இயந்திரத்தைக் கழற்றிவிட்டுக் குதிரை பூட்டினார்கள். அப்போதைய பிரதமர் ஆர். பி. பென்னற்றின் பெயரால் அதற்குப் பென்னற் வண்டி என்று பட்டம். எங்களிடம் அதன் முன்பாதி மட்டும் இருக்கிறது, பின்பாதியைக் கோழிகள் தின்றுவிட்டன என்பார்கள். அந்தக் காலத்தில் நிவாரணமாகக் கிழக்கு மாகாணங்களிலிருந்து ரயிலில் அப்பிளும் உப்புப் போட்டுக் காயவைத்த கொட் மீனும் வந்திருக்கின்றன. இங்கே உள்ளவர்களுக்கு அந்த மீனை என்ன செய்வதென்று தெரியவில்லை. கூரை ஓட்டைக்கு ஆணி அடித்தோம், சப்பாத்துக்குள் வைத்தோம் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதற்குப் பதிலாகத் திகைத்துப் போனேன். கருவாட்டைக் கூரைக்கு அடிப்பதா! இரவு முழுக்க ஊறப்போட்டு, தண்ணீர் மாற்றி, புளிவிட்டு ஒரு நாள் சமைத்துக் கொண்டுபோனேன். மற்ற ஆறு பேரில் மூன்று பேர் வாயில் வைத்தார்கள். ஒருவர் மட்டும் இரண்டாம் தரம் கேட்டார். யாரென்று சொன்னால் நம்பமாட்டீர்கள், பலகைச் சண்டைக்காரர்தான்.

மூஸ் ஜோவுக்குத் தெற்கே தொண்டர்கள் நடத்தும் இன்னொரு பயனியர் கிராமம் இருக்கிறது. எங்கள் குழு போன வருடம் அங்கே ஒரு பயணம் போனது. அதன் நடுவில் ஒரு கப்பல் நிற்கிறது. ரொம் சுக்கனன் என்ற ஃபின்லாந்துக்காரர், வறட்சியில் ஊரே காய்ந்து கிடந்த முப்பதுகளில், கடல் கண்ணுக்கே எட்டாத இந்தப் புல்வெளியில் தன் கையால் கட்டிய கப்பல். தெற்கு சஸ்கச்சுவான் ஆற்றில் இறக்கி, ஹட்சன் குடா வழியாகத் தன் நாட்டுக்குத் திரும்பிப் போவது அவர் திட்டம். அயலவர்களுக்கு அது பைத்தியமாகத் தெரிந்தது. கப்பல் தண்ணீரைக் காணவில்லை. அவர் 1943இல் நோர்த் பற்றில்ஃபோர்ட்டில், மருத்துவமனையில் இறந்துபோனார். பல வருடம் கழித்துக் கப்பலை மீட்டுக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் சாதாரண ஊர்க்காரர்கள். மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள். நான் அந்தக் கப்பலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

எங்கள் அருங்காட்சியகம் இன்னும் எத்தனை நாளைக்கு? இந்த மாகாணத்தில் 1936இல் 142,000க்கு மேல் பண்ணைகள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் 34,128. பண்ணை பெரிதாகிக்கொண்டே போகிறது, ஆட்கள் குறைகிறார்கள். ஊருக்கு அடையாளமாக நின்ற எலிவேற்றரை, தானியம் சேமிக்கும் உயரமான மரக் கட்டடத்தை, நான் வருவதற்கு முன்பே இடித்துவிட்டார்கள். காப்புறுதிக் கட்டணம் வருடாவருடம் ஏறுகிறது. கூரையின் வடக்குப் பக்கம் ஒழுகுகிறது. உண்டியலில் விழுவது எலிப்பொறிக்கும் பூச்சுக்கும் போதும். மிச்சச் செலவு முழுவதும் ஐப்பசியில் ஹொக்கி அரங்கில் போடும் ஊர் விருந்திலிருந்து வரவேண்டும். வான்கோழி, கோவா இலைச் சுருள், பெரோகி, பை வகைகள். போன முறை என் பெயரும் சமையல் பட்டியலில் இருந்தது. மிளகாய் போடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள்.

ஆனால் எனக்குக் கவலை கூரை அல்ல. கூரைக்குத் தகரம் வாங்கலாம். இந்த ஆறு பேரும் போய்விட்டால் எந்தக் கலப்பை யாருடையது என்று சொல்ல ஆள் இல்லை. அப்போது முதல் நாள் நான் நினைத்தது உண்மையாகிவிடும், பழைய இரும்புக்கடை.

இதைத்தான் அந்த வாசகருக்குச் சொல்ல வந்தேன். 1986 ஆவணியில் நியூஃபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அன்று இருபது வயதாக இருந்தவருக்கு இன்று அறுபது ஆகப்போகிறது. நாற்பதாக இருந்தவர்கள் எங்கே? ஒவ்வொரு தையிலும் தமிழ் மரபுத் திங்கள் கொண்டாடுகிறோம், 2016இல் நாடாளுமன்றமே அங்கீகரித்தது, மேடையும் மாலையும் உண்டு. மேடைக்கு வந்த பெரியவரிடம், படகில் வரும்போது உங்கள் சட்டைப் பையில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டு எழுதினார்களா?

நிலம் பிறகு வாங்கலாம். இப்போதைக்கு ஒரு கொப்பி போதும். பழைய படத்தின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் பெயர் எழுதுங்கள், பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். பசை ஒட்டும் பக்கங்கள் உள்ள பழைய அல்பங்களிலிருந்து படங்களைக் கவனமாக எடுத்துவையுங்கள், அந்தப் பசை படத்தைத் தின்றுவிடும். முதல் குளிர்ச்சட்டை, தொழிற்சாலை அடையாள அட்டை, குடிவரவுக் கடிதம், எதுவாக இருந்தாலும், யாருடையது, எந்த வருடம், யார் சொன்னது என்ற மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கூடவே கட்டிவையுங்கள். எங்கள் இலக்க முறை கடினமே இல்லை. பொருள் வந்த வருடம், அந்த வருடத்தில் எத்தனையாவது கொடையாளி, அவர் தந்ததில் எத்தனையாவது பொருள். மூன்று எண், நடுவில் புள்ளி. பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் செய்யும். அப்படியே அப்பம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து போனில் குரலையும் பதிந்துகொள்ளட்டும்.

போன வசந்தத்தில் எங்கள் தலைவி, அவருக்கு 81 வயது, என்னிடம் ஒன்று கேட்டார். இந்த ஊருக்கு எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தானே, உன் பொருள் ஏன் ஒன்றும் இங்கே இல்லை? வீட்டில் தேடினேன். அம்மா 1991இல் என் பெட்டிக்குள் உடுப்புச் சுற்றி வைத்து அனுப்பிய மர இடியப்ப உரல் கிடைத்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். படிவத்தில் 'பயன்படுத்தியவர்' என்ற இடத்தில் அம்மாவின் பெயர், என் பெயர், என் மகளின் பெயர். தலைவி உரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தக் கட்டடத்துக்குக் குளிர்காலத்தில் சூடு போடுவதில்லை, மரம் வெடித்துவிடும் என்றார். பிறகு, கொடை என்று இருந்த சொல்லை வெட்டிவிட்டுக் கடன் என்று எழுதினார். ஆனி முதல் ஆவணி முடிய உரல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும், சனி ஞாயிறு பின்னேரம் ஒரு மணி முதல் நாலு மணி வரை பார்க்கலாம். மற்ற மாதங்களில் என் குசினியில்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
தெற்கு சஸ்கச்சுவான்